அரைப்பேரும் முழுப்பேரும்: சபரகமுவத் தோட்டக் கிறிஸ்தவரும் தன்வரையறைச் சிக்கலும்

தோட்டப்புறத் தமிழில் 'பேர்' என்னும் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஒருநாள் உழைப்புக்காகச் செக்ரோலில் இடப்படும் பதிவே அங்குப் பேர் எனப்படுகிறது. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவளுக்கு முழுப்பேர். நிறை குறைந்தவளுக்கு அரைப்பேர். தோட்டத்தில் வேலைக்குச் சேர்வது பேர் பதிதல். வேலையை இழப்பது பேர் வெட்டப்படுதல். மனிதனைக் குறிக்கும் சொல்லும் அவன் பெறும் கூலியைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகிவிட்ட சமூகத்தில் 'நான் யார்?' என்ற வினா தத்துவ நூல்களில் எழுவதுபோல எழுவதில்லை. பெரட்டுக் களத்தில் அவ்வினாவை முதலில் எழுப்புபவர் கணக்கப்பிள்ளை. விடையை எழுதிக்கொள்பவரும் அவரே.

அத்தகைய சமூகத்தினுள்ளே ஞானஸ்நானத்தின் வழியாக மற்றுமொரு பெயரைப் பெற்றவர்களைப் பற்றியது இக்கட்டுரை. சபரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவரின் விசுவாசத்தை, நவீன காலம் மனிதர்மீது சுமத்தும் தன்வரையறை நெருக்கடியோடு இணைத்து நோக்குவதும், நமது இலக்கியமும் திறனாய்வும் இவ்விடயத்தை எவ்வாறு கையாண்டுள்ளன என மதிப்பிடுவதும் இதன் நோக்கங்களாகும்.

1. தன்வரையறை: உரிமையும் விசாரணையும்

மனிதன் தன்னைத் தானே வரையறுத்துக்கொள்ளும் உரிமை உடையவன் என்ற எண்ணம் இன்று நமக்கு இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆயின் அது வரலாற்றில் உருவான ஓர் எண்ணமே. புனித அகுஸ்தீனாரும் (354–430) ரூசோவும் தம் வாழ்க்கையை எழுதிய நூல்களுக்கு ஒரே தலைப்பே அமைந்தது. இருவரும் தம் பாவங்களையும் பலவீனங்களையும் ஒப்புக்கொள்கின்றனர். எனினும் அகுஸ்தீனாரின் நூல் முழுவதும் இறைவனை முன்னிலைப்படுத்திப் பேசுவது. தம்மைத் தாம் அறிவதற்கு முன்னரே தம்மை அறிந்த ஒருவரிடம் அவர் பேசுகிறார். 1782 இல் வெளிவரத் தொடங்கிய ரூசோவின் நூலோ, தன்னைத் தானே நன்கறிந்த ஒருவன் அவ்வறிவை உலகின்முன் வைப்பதாக அமைகிறது. ஒன்றில் 'நான்' என்பது பெறப்படுவது. மற்றதில் 'நான்' என்பது அறிவிக்கப்படுவது. இம்மாற்றத்தின் நீண்ட வரலாற்றைக் கனேடிய மெய்யியலாளர் சார்ல்ஸ் டெய்லர் 1989 இல் வெளியிட்ட பெருநூலில் ஆராய்ந்துள்ளார்.

இம்மாற்றம் விடுதலை தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. சாதியும் குலமும் ஒருவனுக்கு வகுத்த இடத்தை அவன் மறுக்கலாம் என்ற துணிவு இதிலிருந்தே பிறந்தது. ஆனால் இவ்விடயத்தில் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. 'நீ யாரென்று நீயே சொல்' என்ற கூற்று, நிலமும் பத்திரமும் மொழியுரிமையும் உடையவனின் செவியில் உரிமையாக ஒலிக்கும். இவை எதுவுமற்றவனின் செவியில் அதே கூற்று ஒரு விசாரணையாக ஒலிக்கும். சபரகமுவத் தோட்டத் தமிழன் நவீனத்துவத்தை இவ்விரண்டாவது வடிவிலேயே எதிர்கொண்டான். அவனுடைய கிறிஸ்தவ விசுவாசத்தை மதிப்பிட முற்படுபவர் இவ்வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும்.

2. மலையகம் என்ற பெயருக்குள் அடங்காத நிலம்

மலையகம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை ஆகிய இடங்களின் தேயிலைச் சரிவுகள். அங்கே தோட்டத்தை அடுத்து மற்றொரு தோட்டம், தமிழ்பேசும் கடைத்தெருக்கள், தமிழரின் வாக்குப்பலம். சபரகமுவவின் நிலைமை வேறு. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை ஆகிய பகுதிகளில் தேயிலையோடு றப்பரும் பரவியுள்ளது. மாகாணத்தின் தாழ்ந்த பகுதிகளிற் பல றப்பர்த் தோட்டங்கள் குன்றுகள் என்றுகூடச் சொல்லத்தகாத மேட்டுநிலங்களில் அமைந்தவை. விடியலில் பால்வெட்டச் சென்று முற்பகலில் பால்வாளியோடு திரும்பும் தொழிலாளியின் லயத்துக்கும் அயற்கிராமத்துச் சிங்களக் குடியானவனின் வளவுக்கும் இடையே பெரும்பாலும் ஓர் ஓடையோ ஒற்றையடிப்பாதையோதான் எல்லை. தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. தமிழரும் சிதறியே வாழ்கின்றனர். தமிழ்மொழி மூலம் உயர்வகுப்புவரை கற்பிக்கும் பாடசாலைகள் அரியவை. கடை, வைத்தியசாலை, பேருந்து, பொலிஸ் நிலையம் எங்கும் சிங்களமே வழங்குமொழி.

இம்மாகாணத்தின் எல்லையில் நிற்கும் சிவனொளிபாதமலை இங்கு நினைவுக்கு வருவது இயல்பே. அம்மலையுச்சியிலுள்ள அடிச்சுவட்டைப் பௌத்தர் புத்தபெருமானுடையது என்பர். சைவர் சிவனுடையது என்பர். இஸ்லாமியர் ஆதமுடையது என்பர். கிறிஸ்தவருள் ஒரு சாரார் புனித தோமையாருடையது என்றனர். கல்லுக்குப் பல பெயர்கள் இருக்கலாம். அது எதற்கும் விடைசொல்ல வேண்டியதில்லை. அதன் அடிவாரத்துத் தோட்டங்களில் வாழும் மனிதனுக்கு அச்சலுகை கிடைக்கவில்லை. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு கூறுகளை வகுத்தது முதல், ஒரே ஒரு கட்டத்துள் தன்னை அடைத்துக்கொள்ளுமாறு அவன் தொடர்ந்து கேட்கப்பட்டு வந்திருக்கிறான்.

3. உபதேசியார் தந்த பெயர்

இத்தோட்ட உலகிற்குக் கிறிஸ்தவம் எவ்வாறு வந்தது? புரட்டஸ்தாந்து மரபில், கோப்பிக் காலத்திலேயே, 1854 இல், திருச்சபை மிசன் சங்கத்தின் சார்பில் தோட்டத் தொழிலாளரிடையே பணிசெய்வதற்கென ஒரு மிசன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். தோட்டத்துரைமார் பலர் அதற்குப் பொருளுதவி செய்தனர். அதற்கு இடப்பட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிசன்'. கத்தோலிக்க மரபில், 1893 இல் உருவான காலி மறைமாவட்டத்தின் பொறுப்பில் சபரகமுவ விடப்பட்டது. பெல்ஜிய நாட்டு இயேசுசபைக் குருமார் அங்குப் பணியாற்ற வந்தனர். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கி இரத்தினபுரி மறைமாவட்டம் 1995 இல் தனியாக நிறுவப்பட்டது.

'கூலி மிசன்' என்ற பெயர் வெறும் பெயரன்று. ஆன்மாவைத் தேடிச் சென்ற திருச்சபை, துரையின் கணக்குப் புத்தகத்திலிருந்த சொல்லையே தன் பெயராக்கிக்கொண்டது. பவுலடியார் எந்த வேற்றுமை கிறிஸ்துவில் இல்லை என்றாரோ, அந்த வேற்றுமை மிசனின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டது. உபதேசியார்கள் எழுத்தறிவித்தனர், நோயுற்றாரைச் சந்தித்தனர், சாவீட்டில் உடனிருந்தனர். இவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றிகேடாகும். ஆயினும் துரையின் பணத்தில் இயங்கிய மிசன் துரையின் செக்ரோலைப் பற்றி என்ன சொல்லியிருக்க முடியும்?

இவ்விடத்தில் மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்திலுள்ள உவமையைத் தோட்டத் தமிழின் துணைகொண்டு வாசித்துப் பார்ப்பது பயன்தரும். திராட்சைத் தோட்டத்துக்காரன் விடியலில் சிலரையும், பின்னர்ச் சிலரையும், மாலையில் ஒருமணிநேர வேலைக்குச் சிலரையும் அழைக்கிறான். பொழுதுசாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கிறான். தோட்டம் என்ற சொல்லையும், கூலி என்ற சொல்லையும் நாள்தோறும் வாழ்ந்து அனுபவித்த ஒருவருக்கு இவ்வுவமையின் பொருள் மிக எளிது: அங்கே அரைப்பேர் கிடையாது. கடைசியாக வந்தவனுக்கும் முழுப்பேர். ஐரோப்பிய வியாக்கியான நூல்கள் இவ்வுவமையை இறையருளின் விளக்கமாகக் கொள்வது தவறன்று; ஆனால் லயத்துக் காம்பராவில் அது வாசிக்கப்படும்போது கூலிக்கணக்கின்மீதான ஒரு தீர்ப்பாகவும் ஒலிக்கிறது. உழைப்பின் நிறையைக் கொண்டு மனிதனின் நிறையை அளக்கலாகாது என்பதே அத்தீர்ப்பு.

ஞானஸ்நானப் பெயரும் இவ்வாறே நோக்கத்தக்கது. தமிழ்க் கத்தோலிக்கர் யோசேப்பைச் சூசை என்றும், பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் தம் நாவுக்கேற்ப வழங்கினர். சூசை என்றோ அருளாயி என்றோ அழைக்கப்பட்டவர், உழைப்பால் ஈட்டாத ஒரு பெயரைப் பெற்றார். அது நிறை குறைந்தால் பாதியாவதில்லை, துரையால் வெட்டப்படக்கூடியதுமன்று. திருவெளிப்பாட்டில் வரும் வெண்கல்லில் எழுதப்பட்ட புதிய பெயரை அதனைப் பெறுபவரன்றி வேறெவரும் அறியார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. பெயரே கூலியாகிப்போன இடத்தில், கூலிக்குள் அடங்காத ஒரு பெயரைக் கொண்டுவந்ததே தோட்டத்தில் கிறிஸ்தவம் செய்த ஆழமான பணி என்பது என் கருத்து. அது தன்வரையறையன்று, ஆனால் தன்மானத்தின் வித்து.

4. தனித்த யாத்திரிகனும் கூட்டமாக வந்தவர்களும்

இவ்வித்து நமது இலக்கியத்தில் எவ்வாறு வளர்ந்தது என நோக்குவோம். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்று எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்'. திருநெல்வேலி வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து 1858 இல் கிறிஸ்தவராகிய அவர், ஆங்கிலேயராகிய ஜோன் பனியனின் நூலைத் தழுவி, கம்பனிடம் பயின்ற யாப்பில் அதனைப் பாடி 1894 இல் வெளியிட்டார். பனியனின் நாயகன் முதுகில் சுமையோடு, மனைவி மக்களின் குரல் கேளாதபடி செவியைப் பொத்திக்கொண்டு, தன்னந்தனியனாக நகரைவிட்டு ஓடுகிறான். நவீன மனமாற்றக் கதைகளுக்கெல்லாம் இதுவே மூலப்படிவம் எனலாம்: விசுவாசம் என்பது சுற்றத்தினின்று பிரிந்த தனிமனிதனின் தீர்மானம்.

அதே திருநெல்வேலியிலிருந்தும் மதுரை, திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்தும் அதே நூற்றாண்டில் வேறொரு யாத்திரையும் நடந்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தவர்களும், பின்னாளில் புகைவண்டியிலும் கப்பலிலும் வந்தவர்களும் தனியராக வரவில்லை. கங்காணியின் கீழ், உறவும் சாதியும் ஊரும் பிணைத்த கூட்டமாக வந்தனர். அவர்களுக்கும் முதுகில் சுமை இருந்தது; ஆனால் செவியைப் பொத்திக்கொள்ளவேண்டிய குரல்கள் பின்னால் இருக்கவில்லை. அவை உடனேயே நடந்துவந்தன. வழியில் வாந்திபேதியால் மடிந்தவர்களை விட்டுவிட்டு நடந்தவர்களும் அவர்களே.

ஆகவே தோட்டத்துக் கிறிஸ்தவனின் 'நான்' கிருஷ்ணபிள்ளையின் யாத்திரிகனின் 'நான்' அன்று. லயத்தில் ஒரு காம்பராவில் செபமாலை சொல்லப்படும்போது அடுத்த காம்பராவில் மாரியம்மனுக்கு விளக்கேற்றப்படுகிறது. இருவரும் உடன்பிறந்தாராகவும் இருக்கலாம். மாசியில் காமன்கூத்தின் தப்பொலி கேட்கும்போது கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை எங்கே நிற்பது என்பது ஒரு குடும்பத்தின் உண்மையான சிக்கல். இச்சிக்கலுக்குத் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் இடம் தரவில்லை. அது வேதநாயக சாஸ்திரியாரிலிருந்து கிருஷ்ணபிள்ளை வரை இலக்கண இலக்கியப் பயிற்சியுடையோரின் இலக்கியமாகவே செழித்தது.

மலையக இலக்கியம் இக்குறையை நீக்கியதா? மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தளித்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984), 'தூரத்துப் பச்சை' (1964) எழுதிய கோகிலம் சுப்பையா, 'ஒரு கூடைக் கொழுந்து' (1980) தந்த என். எஸ். எம். இராமையா ஆகியோர் தோட்டத் தொழிலாளியை இலக்கியத்தின் மையத்துக்குக் கொணர்ந்தனர். அவர்களுடைய சாதனை பெரிது. தெளிவத்தை ஜோசப் (1934–2022) தாமே கத்தோலிக்கர். தோட்டப் பாடசாலை ஆசிரியராக இருந்து எழுத வந்தவர். 'காலங்கள் சாவதில்லை' (1974), 'நாமிருக்கும் நாடே' (1979) ஆகியவற்றின் ஆசிரியர். அவருடைய பெயரே ஒரு தோட்டத்தின் பெயரும் ஒரு ஞானஸ்நானப் பெயரும் சேர்ந்தமைந்தது. எனினும், யான் வாசித்த அளவில், மலையகப் புனைகதையில் தொழிற்சங்கம், குடியுரிமை, வறுமை, குடும்பம் ஆகியன பெற்ற ஆழத்தை ஒரு தோட்டத் தொழிலாளியின் செபம் பெறவில்லை. சபரகமுவத் தோட்டங்களோ அவ்விலக்கியத்தினுள்ளேயே ஓரத்தில் நிற்பவை. எனவே சபரகமுவத் தோட்டக் கிறிஸ்தவன் இருமடங்கு எழுதப்படாதவன் ஆகிறான்.

இதற்குத் திறனாய்வுக்கும் பங்குண்டு. கலாநிதி க. கைலாசபதியும் (1933–1982) பேராசிரியர் கா. சிவத்தம்பியும் (1932–2011) வளர்த்த சமூகவியல் நோக்கு, எழுத்தை மண்ணோடும் உழைப்போடும் பிணைத்து நோக்கக் கற்பித்தது. அந்நோக்கு இல்லாதிருந்தால் மலையக இலக்கியம் இத்துணை மதிப்புப் பெற்றிராது. ஆயின் அதனைப் பின்பற்றிய இளையோர் பலர் சமயத்தை மேற்கட்டுமானம் என்ற ஒரே சொல்லால் கடந்து சென்றனர். திருச்சபை துரையின் துணைவன் என்று காட்டுவது எளிது. அதற்குச் சான்றும் உண்டு. அத்திருச்சபையில் முழங்காலிட்டவள் அங்கே என்ன பெற்றாள் என்ற வினாவுக்கு அது விடையாகாது. உழைப்பாளியின் கையை மதித்த திறனாய்வு அவ்வுழைப்பாளியின் விசுவாசத்தை மாயை என்று ஒதுக்கும்போது, அதுவும் அரைப்பேரே போடுகிறது.

5. நான்கு திசையிலிருந்தும் ஒரே வினா

இனி, இந்த விசுவாசம் சுதந்திரத்துக்குப் பின் எந்நெருக்கடிகளுக்கு உட்பட்டது எனக் காண்போம். முதலாவது நெருக்கடி அரசிடமிருந்து வந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது வசித்தமையை நிறுவ வேண்டியிருந்தது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் சரிபாதியாக வகுத்தது. இவ்வளவும் எண்கள். விண்ணப்பப் படிவத்தில் எந்த நாடு என எழுதவேண்டியவனுக்கு அதுவே தன்வரையறை. பலருக்கு அது தாயையும் மகனையும் வெவ்வேறு நாட்டவராக்கிய வரையறை. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

இந்தியா சென்றவருக்கு அங்கு மற்றொரு படிவம் காத்திருந்தது. 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்களே பட்டியல் சாதியினராகக் கொள்ளப்பட்டனர், 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தோட்டத்தில் ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இடம்பெறலாம். பிள்ளையின் படிப்புக்காக வேறு சமயத்தை எழுதுவதா, விசுவாசத்தை எழுதிச் சலுகையை இழப்பதா என்ற தெரிவு அவர்முன் நின்றது. சாதியின் துன்பம் ஞானஸ்நானத்தோடு ஒழிந்துவிடுகிறது என்று சட்டம் கொண்டது; கல்லறையிலும் கோயில் இருக்கையிலும்கூடச் சாதி பார்த்த சபைகள் அதனைப் பொய்யாக்கின.

இரண்டாவது நெருக்கடி தேசியத்திடமிருந்து வந்தது; அது திருச்சபைக்குள்ளும் புகுந்தது. அந்நிய மதம் என்ற பழியை நீக்கச் சுதேச வடிவம் தேடிய திருச்சபையின் முயற்சி போற்றத்தக்கதே. 1950 இல் நிறுவப்பட்ட குருநாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் முதற் பேராயர் லக்தாச த மெல் சிங்களக் கலைமரபில் வழிபாட்டையும் கட்டடக்கலையையும் அமைக்க ஊக்கமளித்தார். அதற்கு முன்னரே, 1939 இல், யாழ்ப்பாணத்தில் கிறிஸ்த சேவா ஆச்சிரமம் தோன்றித் தமிழ்ப் பண்பாட்டு வடிவில் துறவு வாழ்வை அமைத்தது. இவ்விரண்டும் உண்மையான தேடல்களின் பயன்கள். ஆயினும் ஒன்றின் சுதேசம் கண்டிய மரபு. மற்றதன் சுதேசம் யாழ்ப்பாண மரபு. தப்பும், லயத்து ஒப்பாரியும், கொழுந்து மலைப் பாட்டும் எவருடைய சுதேசத்திலும் இடம்பெறவில்லை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்களின் மொழியில் வழிபாட்டுக்கு வழிவகுத்தபோது, சபரகமுவப் போன்ற கலப்புப் பங்குகளில் 'எம்மக்களின் மொழி?' என்ற வினா உடனெழுந்தது. இலத்தீனுக்கு முன் எல்லாரும் சமமாக அந்நியர். தாய்மொழி வந்தபின் சிலர் மட்டும் அந்நியராகும் இடர் தோன்றியது. காலப்போக்கில் சில குடும்பங்கள் கத்தோலிக்கராகவே இருந்துகொண்டு சிங்களவராயின. அவர்களைக் குற்றம் சாட்டும் உரிமை, அவர்களுக்குத் தமிழ்ப் பாடசாலை ஒன்றைத் தராத எவருக்கும் இல்லை.

மூன்றாவது நெருக்கடி வன்முறை. 1977 இலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளிலும், 1983 இலும் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். பலர் வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்தனர். தமிழர் என்பதற்காகவே அவர்கள் தாக்கப்பட்டனர். செபமாலை அணிந்தவருக்கும் திருநீறு பூசியவருக்கும் அன்று வேறுபாடு இருந்ததாகக் கொள்ள இடமில்லை. ஒரே திருப்பலியில் பங்குபற்றிய இரு மொழியினரை அந்த நாட்களில் எது இணைத்தது, எது இணைக்கத் தவறியது என்பதை நேர்மையாக எழுதும் கடமை திருச்சபைக்கு உண்டு.

நான்காவது நெருக்கடி அண்மைக்காலத்தது. அது உள்ளிருந்தே வருவது. தோட்டங்களில் பெருகியுள்ள புதிய செபக்கூட்டங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துத் தீர்மானிக்கச் சொல்கின்றன. குடிப்பழக்கத்தை விட்ட தந்தையும், பேசத் துணிந்த பெண்ணும் அங்கே உண்டு. எனினும் அத்தீர்மானம் சிலவேளை குலதெய்வத்தை வணங்கும் அண்ணனின் வீட்டில் உண்ணாமையாகவும், தாயின் ஈமச்சடங்கில் ஒதுங்கி நிற்பதாகவும் முடிகிறது. பனியனின் நாயகன் செவியைப் பொத்திக்கொண்டு மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டான். அவன் ஓடும் நகரம் மட்டும் பத்தடி அகலமுள்ள லயத்துக் காம்பராவாக இருக்கிறது.

6. முழுப்பேர் என்பது யாது?

இந்நான்கும் ஒரே வினாவின் நான்கு வடிவங்கள்: 'ஒன்றைச் சொல், ஒன்றை மட்டும் சொல்.' இந்தியனா, இலங்கையனா? தமிழனா, கத்தோலிக்கனா? உறவா, விசுவாசமா? இவ்வினாவே தவறானது என்பதே இக்கட்டுரையின் முடிபு. கிறிஸ்தவ விசுவாசம் தன் சொந்த ஆழத்தில் இவ்வினாவை ஏற்பதில்லை. ஒருவன் தன்னைத் தானே ஆக்கிக்கொண்டவன் அல்லன், அழைக்கப்பட்டவன். அழைக்கப்பட்டவன் தன் உறவுகளையும் மொழியையும் மண்ணையும் களைந்துவிட்டு வரவேண்டியதில்லை. யாப்போக்கு ஆற்றங்கரையில் தனித்திருந்து புதுப்பெயர் பெற்ற யாக்கோபு தன் குடும்பத்திடமே திரும்பினான், நொண்டிக்கொண்டேயாயினும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. பெயர் என்பது பெறப்படும் கொடை என்றால், கொடுப்பவன் துரையாகவும் இருக்கலாமே? அருளைப் பேசுவோர் உரிமையை மறக்கச் செய்கின்றனரே? உவமையிலும் கூலியைத் தீர்மானித்தவன் தோட்டக்காரன்தானே? இம்மறுப்பை இலகுவில் தள்ளிவிட முடியாது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பின்னரும், நிறை போதாதென அரைப்பேர் போடப்படுவதாகத் தொழிலாளர் முறையிட்டனர். அவர்களிடம் சென்று, 'உங்கள் பெயர் பரலோகத்தில் முழுமையாக எழுதப்பட்டுள்ளது' என்று மட்டும் சொல்வது நற்செய்தியன்று, ஏளனம்.

ஆனால் இம்மறுப்புக்கான விடையைத் திருச்சபைக்குள்ளிருந்தே சிலர் வாழ்ந்து காட்டினர். 1958 இல் தோன்றிய கிறிஸ்தவ தொழிலாளர் தோழமை வழிபாட்டையும் தொழிலாளர் இயக்கத்தையும் இணைக்க முயன்றது. இயேசுசபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் (1925–2017) 1972 இல் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவி, சிங்களரும் தமிழரும் சேர்ந்து தோட்டமக்களின் உரிமைக்காக உழைக்கும் களமாக்கினார். இவர்கள் தொழிலாளிக்குப் பெயர் சூட்ட முற்படவில்லை. ஏற்கெனவே அவருக்குள்ள பெயர் செக்ரோலிலும் வாக்காளர் இடாப்பிலும் முழுமையாக எழுதப்படவேண்டும் எனப் போராடினர். கொடையாகப் பெற்றதே உரிமையாகக் கேட்கும் துணிவைத் தருகிறது. தான் அரைமனிதன் அல்லன் என்பதை முழங்காலில் அறிந்தவன், பெரட்டுக் களத்தில் அரைப்பேரை ஏற்க மறுப்பான். இவ்விணைப்பை அறுப்பவர் பாதிரியாராயினும் திறனாய்வாளராயினும் தோட்டக் கிறிஸ்தவரைப் பாதியாகவே காண்கின்றனர்.

மலையகத் தமிழரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததையொட்டி 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளையில் நிறைவுற்ற நடைபயணத்தைத் தேசிய கிறிஸ்தவ மன்றம் பிற சமூக அமைப்புகளோடு சேர்ந்து முன்னெடுத்தது. மூதாதையர் நடந்த வழியில், பல சமயத்தாரும் ஒன்றாக நடந்தனர். நமது இலக்கியத்தில் இன்னும் எழுதப்படாத யாத்திரிகம் அது. அதன் நாயகன் ஒருவன் அல்லன். அவர்கள் எவரும் செவியைப் பொத்திக்கொள்ளவில்லை.

அதனை எழுதும் பொறுப்பு இன்று பல்கலைக்கழகங்களுக்கு வந்துள்ள தோட்டத்துப் பிள்ளைகளைச் சாரும். சபரகமுவத் தோட்டக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள், உபதேசியார்களின் நினைவுகள், தவக்கால ஒப்பாரிகள், இருமொழிப் பங்குகளின் கதைகள் ஆகியவற்றைத் தொகுக்க வேண்டும். முதியோர் ஒவ்வொருவராக மறைந்துவருவதால் இப்பணிக்குக் காலதாமதம் கூடாது. அந்தப் பதிவேடுகளில் சூசைகளும் அருளாயிகளும் முழுப்பேராகவே எழுதப்பட்டுள்ளனர். செக்ரோல்களில் அவர்களுக்கு நேர்ந்தது வேறு. இவ்விரு ஏடுகளையும் அருகருகே வைத்து வாசிக்கக் கற்பதே இத்துறையில் நமது திறனாய்வின் முதற்பாடமாகும்.